ஸ்கிப்டனில் குடியேறுகிறவர்களுக்கு: ஒரு சந்தை ஊரைப் பழகும் வழி

லீட்ஸில் வேலை, ஆனால் லீட்ஸின் இரைச்சலில் குடியிருக்க மனமில்லை என்பவர்களுக்கும், ஸ்டீட்டனில் உள்ள ஏர்டேல் மருத்துவமனைக்கு நர்ஸாகவோ டாக்டராகவோ வருகிறவர்களுக்கும் வரைபடத்தில் கண்ணில் படுகிற ஊர் ஸ்கிப்டன். வடக்கு யார்க்‌ஷயரின் தென்மேற்கு மூலையில், ஏர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 15,000 பேர் வாழும் ஊர். வடக்கே யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைகள், தெற்கே பழைய கம்பளி மில் ஊர்கள். இரண்டுக்கும் நடுவே வாசற்படிபோல உட்கார்ந்திருக்கிறது.

சந்தை கூட்டிக்கொள்ள மன்னரின் சாசனம் பெற்ற ஊர்களைத்தான் இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் சந்தை ஊர் என்றார்கள். ஸ்கிப்டனுக்கு அந்தச் சாசனம் ஜான் மன்னரிடமிருந்து 1204இல் கிடைத்தது. இன்றும் திங்கள், புதன், வெள்ளி, சனி என்று வாரத்தில் நான்கு நாள் ஊரின் பெரிய தெருவிலேயே சந்தை கூடுகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வசதிகளின் பட்டியலைக் கையில் எடுக்கும் முன் ஊரின் பழைய கதையைக் காலால் நடந்து படித்துவிடுங்கள். கடை ஏன் இங்கே இருக்கிறது, குடியிருப்பு ஏன் அங்கே இருக்கிறது, எந்தத் தெருவில் வெள்ளம் வரும், எந்த வீட்டில் சுவர் ஈரம் குடிக்கும் என்பதெல்லாம் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் அரை நாளில் பார்த்துவிட்டுப் போகிற அதே இடங்கள்தான்; குடியிருக்கப் போகிறவர் வேறு கண்ணோடு பார்க்க வேண்டும்.

முதல் வேலை: சந்தை நாளில் ஒரு நடை

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைச் செய்யுங்கள். சந்தை நாளாகப் பார்த்து, காலை பத்து மணி வாக்கில் ரயிலில் வந்து இறங்குங்கள். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் ஹை ஸ்ட்ரீட்டின் கீழ்முனை வந்துவிடும். அங்கே நின்று மேலே பாருங்கள். தெரு போகப்போக அகன்று, உச்சியில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் போய் முட்டும். அதன் பக்கத்திலேயே கோட்டை வாசல்.

இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு அகலத் தெரு எதற்கு என்றால், ஆடுமாடுகளுக்காக. ஊரின் பெயரிலேயே ஆடு இருக்கிறது; ஸ்கிப்டன் என்றால் ஆட்டு ஊர் என்று பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கால்நடைகளை இந்தத் தெருவில் நிறுத்தித்தான் விலை பேசினார்கள். பிறகுதான் அந்தச் சந்தை டவுன் ஹாலுக்குப் பின்னால் ஒதுங்கியது. அங்கிருந்து இன்னும் நகர்ந்து, இப்போது ஊர் எல்லையில் கார்கிரேவ் ரோட்டு ஏலக்கூடத்தில் நடக்கிறது. ஆடு மேய்க்கும் நாய்களை ஏலம் விடும் நாளில் அங்கே போய் ஓரமாக நின்று பாருங்கள். தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் விவசாயிகள் வந்திருப்பார்கள், ஒரு நல்ல நாய் போகிற விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

தெருவின் இருபுறமும் வண்டிப்பாதைக்கும் நடைபாதைக்கும் நடுவே சதுரக் கல் பாவிய அகலமான பட்டை ஒன்று ஓடும். சந்தைக் கடைகள் போடுவது அங்கேதான். கீழ்முனையில் தெருவுக்கு நடுவே தீவுபோல நிற்கிற கட்டட வரிசைக்கு மிடில் ரோ என்று பெயர். அதன் பின்பக்கம் ஷீப் ஸ்ட்ரீட். சந்தைத் தெருக்களின் நடுவே தற்காலிகமாகப் போட்ட கடைகள் காலப்போக்கில் கட்டடமாக நிலைத்துவிடுவது இந்த மாதிரி ஊர்களில் வழக்கம். நம் ஊர்க் கடைவீதியில் பந்தல் கடை பக்காக் கடையாகிற கதைதான்.

கடைகளுக்கு இடையே குறுகலான சந்துகள் தெரியும். இங்கே அவற்றை ஜின்னல் என்பார்கள். தயங்காமல் நுழைந்துவிடுங்கள். தெருமுகப்பு குறுகல், பின்பக்கம் நீளம் என்று மனைகளைப் பிரித்த பழைய முறையின் மிச்சம் அவை. நல்ல காபிக் கடை, தையற்காரர், சின்னப் புத்தகக் கடை எல்லாம் தெருமுகத்தில் வாடகை கட்டுபடியாகாமல் உள்ளே ஒளிந்திருக்கும். மழைக்கு ஒதுங்கவும் உதவும், இங்கே மழை அடிக்கடி.

இப்போது கோட்டை. ராபர்ட் டி ரோமில் என்ற நார்மன் பிரபு 1090 வாக்கில் மரத்தில் கட்டியது, பின்னர் கல் கோட்டையானது. 1310இல் கிளிஃபர்ட் குடும்பத்தின் கைக்கு வந்தது. மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் வட இங்கிலாந்தில் மன்னர் பக்கம் கடைசி வரை தாக்குப்பிடித்த கோட்டை இது. மூன்று ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 1645 டிசம்பரில்தான் சரணடைந்தது. பாராளுமன்றத்தார் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அதைத் திரும்பக் கட்டியவர் ஆன் கிளிஃபர்ட். 1590இல் இந்தக் கோட்டையிலேயே பிறந்தவர். 15 வயதில் அப்பா இறந்தபோது சொத்து முழுவதும் சித்தப்பாவுக்குப் போய்விட்டது. மன்னரே சமரசம் பேசியும் விட்டுக்கொடுக்காமல் போராடி, சித்தப்பா வழி ஆண் வாரிசு இல்லாமல் போன பிறகு 1643இல் தன் சொத்தைப் பெற்றார். கோட்டையின் நடுமுற்றத்தில் அவர் 1659இல் நட்டதாகச் சொல்லும் யூ மரம் இன்னும் நிற்கிறது. கட்டணம் கட்டி உள்ளே போக வேண்டும். முற்றத்தைப் பார்த்தாலே கொடுத்த காசு தகும்.

அவருடைய அப்பா ஜார்ஜ் கிளிஃபர்டின் கல்லறை பக்கத்துத் தேவாலயத்தில் இருக்கிறது. அதைச் சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நாம் கவனிக்கலாம். ஸ்பானியக் கப்பல்களை ராணியின் அனுமதியோடு கொள்ளையடித்த பிரபு இவர். 1600 டிசம்பர் 31 அன்று எலிசபெத் ராணி கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சாசனத்தில் முதல் பெயர் இவருடையது. இவர் தனக்கென்று கட்டி, பின் கம்பெனிக்கு விற்ற போர்க்கப்பல்தான் ரெட் டிராகன் என்று பெயர் மாறி, 1601இல் கம்பெனியின் முதல் கடற்பயணத்துக்குத் தலைமை தாங்கிப் போனது. அந்தக் கம்பெனி நாற்பது ஆண்டுகளுக்குள் வங்கக் கடற்கரையில் ஒரு கோட்டை கட்ட ஆரம்பித்தது; அதைச் சுற்றி வளர்ந்த பட்டணத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை.

தேவாலயத்திலிருந்து இறங்கி வாய்க்கால் பக்கம் போங்கள். லீட்ஸையும் லிவர்பூலையும் இணைக்கும் 127 மைல் கால்வாய் 1773இல் ஸ்கிப்டனை எட்டியது. முழுதும் முடிந்தது 1816இல். கோட்டையை வைத்திருந்த தனெட் பிரபு தன் சுண்ணாம்புக்கல்லை ஏற்றி அனுப்ப, கோட்டைப் பாறைக்கு அடியிலேயே ஒரு சின்னக் கிளை வெட்டிக்கொண்டார். ஸ்பிரிங்ஸ் பிரான்ச் என்ற அந்தக் கிளையின் கரைதான் ஊரிலேயே அழகான நடைபாதை. ஒரு பக்கம் ஓடை, மறு பக்கம் அசையாத கால்வாய், தலைக்கு மேலே கோட்டைச் சுவர். அப்படியே போனால் ஸ்கிப்டன் காட்டுக்குள் நுழையலாம். ஏப்ரல் மே மாதங்களில் தரை முழுக்க நீலப் பூவும், காட்டுப் பூண்டின் வாசனையும்.

கால்வாய்த் துறையில் பந்து வீசும் பாய்ச்சலில் ஒரு சிலை நிற்கும். ஃப்ரெட் ட்ரூமன், டெஸ்டில் 300 விக்கெட் எடுத்த முதல் பந்துவீச்சாளர், இந்தப் பக்கத்தில் குடியிருந்தவர். 1952இல் ஹெடிங்லி மைதானத்தில் தன் முதல் டெஸ்ட்டில் இந்தியாவை ஒரு ரன்கூட இல்லாமல் நான்கு விக்கெட் என்று நிறுத்தினாரே, அவரேதான். அந்த நான்கில் மூன்று அவருடையது. உள்ளூர்ப் பெரியவர்களிடம் பேச்சை ஆரம்பிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

கால்வாயை ஒட்டி ப்ராட்டன் ரோட்டில் உயரமான கல் கட்டடம் ஒன்று. டியூஹர்ஸ்ட் குடும்பத்தின் மில்லாக இருந்தது. கம்பளி நூற்கக் கட்டி, 1831இல் தீக்கிரையாகி, திரும்பக் கட்டியபோது பருத்திக்கு மாறியது. சில்கோ என்ற தையல் நூல் இங்கிருந்துதான் உலகமெங்கும் போனது. இப்போது உள்ளே அடுக்குமாடி வீடுகளும் அலுவலகங்களும். நீங்கள் பார்க்கப்போகிற வாடகை வீடுகளில் ஒன்று இதற்குள்ளேயே இருக்கலாம், அல்லது இந்த மில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடாக இருக்கலாம்.

சந்தையில் வாங்குவது

கடைகள் காலை ஒன்பதுக்கெல்லாம் தயாராகிவிடும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கே கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். கூட்டம் பிடிக்காதவர்கள் புதன்கிழமை போகலாம். சனிக்கிழமை கடை அதிகம், கூட்டமும் அதிகம்.

காய், பழம், மீன், பாலாடைக்கட்டி, ரொட்டி, பூச்செடி, கம்பளி, வீட்டுச் சாமான் எல்லாம் கிடைக்கும். விலையைப் பேரம் பேசும் வழக்கம் இல்லை, ஆனால் கடை கட்டும் நேரத்தில் பழத்தைக் கிண்ணம் கிண்ணமாகத் தள்ளிவிடுவார்கள். அப்போது வாங்குங்கள். கடைக்காரர் உங்களை 'லவ்' என்று கூப்பிட்டால் திடுக்கிட வேண்டாம். ஆண் பெண் பாகுபாடின்றி எல்லாருக்கும் அதுதான் விளி. பதிலுக்கு ஒரு 'டா' சொன்னால் நன்றி சொன்னதாக அர்த்தம்.

பக்கத்திலேயே வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கின் பாலாடைக்கட்டி பிரசித்தம். ஊர்க்காரர்கள் பெருமையடிப்பது 'பை' என்கிற, மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட பண்டத்தைப் பற்றி. சாப்பிடாதவர்களுக்கு அது வெறும் தகவல். கறிக்கடைகளில் ஆட்டுக்கறி இளங்குட்டியாகத்தான் வைத்திருப்பார்கள். நம் குழம்புக்கு முற்றிய ஆடு, எலும்போடு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். 'மட்டன்' என்று அழுத்திச் சொல்லுங்கள், 'லாம்ப்' என்றால் குட்டிதான் வரும்.

மற்ற நாட்களுக்கு டெஸ்கோ, மாரிசன்ஸ், ஆல்டி மூன்றும் நடக்கும் தூரத்தில். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கலாம் என்பது சட்டம். மாலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போய் ஏமாறாதீர்கள்.

வீடு பிடிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். ஹை ஸ்ட்ரீட்டுக்குத் தெற்கிலும் மேற்கிலும் இருக்கிற தெருக்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு வரிசை வீடுகள். மணற்கல் சுவர், கதவைத் திறந்தால் நேரே தெரு, பின்னால் ஒரு சின்ன முற்றம். மையத்துக்குப் பக்கம், பார்க்க அழகு. ஆனால் கல் சுவருக்குள் காற்றிடைவெளி கிடையாது. குளிர் உள்ளேயே தங்கும், சரியாகக் காற்றோட்டம் விடாவிட்டால் மூலையில் கரும்பூஞ்சை படரும். வீடு பார்க்கும்போது மின்சக்தித் தரச் சான்றிதழைக் கேளுங்கள், ஏ முதல் ஜி வரை எழுத்து இருக்கும். டி-க்குக் கீழே என்றால் குளிர்காலக் கேஸ் பில்லையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் சுவரைத் தொட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, தண்ணீர். ஊருக்கு நடுவே எல்லர் பெக் என்ற ஓடை ஓடுகிறது, பாதி தூரம் கட்டடங்களுக்கு அடியில். மேட்டில் மழை கொட்டினால் சட்டென்று ஏறும் குணம் அதற்கு. வெள்ளத்தைத் தடுக்க ஊருக்கு மேலே நீரைத் தேக்கிவைக்கும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. இருந்தாலும் அரசின் வெள்ள அபாய இணையதளத்தில் வீட்டின் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

பணம் பற்றிச் சில விதிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பிடித்துவைக்க ஏஜென்ட் வாங்கும் தொகை ஒரு வார வாடகைக்கு மேல் போகக்கூடாது. அட்வான்ஸ் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக்கூடாது; அதையும் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு உங்களுக்குச் சான்று தர வேண்டும். நிர்வாகக் கட்டணம், பத்திரக் கட்டணம் என்று தனியாகக் கேட்டால் 2019 முதல் அது சட்டவிரோதம். உங்கள் விசா நிலையைக் காட்ட இ-விசா கணக்கிலிருந்து ஒரு பகிர்வுக் குறியீடு எடுத்துக் கொடுத்தால் போதும். குடிபோகும் நாளில் ஒவ்வொரு அறையையும், பழைய கீறல் ஒன்றுவிடாமல், போனில் படம் எடுத்து ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸைக் காப்பாற்றுவது அந்தப் படங்கள்தான்.

குடிபோன முதல் வாரத்துத் தாள் வேலைகள்

மின்சாரம், கேஸ் மீட்டர் எண்களைக் குறித்து நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அடுத்து கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி. இணையத்தில் பழைய கட்டுரைகள் கிரேவன் மாவட்டக் கவுன்சிலைப் பார்க்கச் சொல்லும். அது 2023 ஏப்ரல் 1 முதல் இல்லை. எல்லாமே இப்போது நார்த் யார்க்‌ஷயர் கவுன்சில். வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் என்றால் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு, ஆனால் நீங்களாகக் கேட்டால்தான் கிடைக்கும். எந்தக் குப்பைத் தொட்டியை எந்த நாள் வெளியே வைக்க வேண்டும் என்பதும் அதே இணையதளத்தில். பக்கத்து வீட்டுக்காரர் வைப்பதைப் பார்த்து வைப்பது அதைவிடச் சுலபம். அந்தச் சாக்கில் அறிமுகமும் ஆகும்.

வங்கி தேடினால், இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு நிதி நிறுவனம் நாடெங்கும் கிளை பரப்பியிருப்பதைக் காண்பீர்கள். ஸ்கிப்டன் பில்டிங் சொசைட்டி 1853இல் தொடங்கியது, தலைமையகம் இன்னும் இங்கேதான். நாட்டின் பெரிய பில்டிங் சொசைட்டிகளில் ஒன்று. சேமிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் அங்கே போகலாம். சம்பளம் வாங்கிச் செலவு செய்கிற நடப்புக் கணக்குக்கு வேறு வங்கி வேண்டியிருக்கும். துணைவருக்கு அலுவலக வேலை தேடுகிறவர்கள் அதன் வேலைவாய்ப்புப் பக்கத்தை மறக்காமல் பாருங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்

காய்ச்சல் வரும் வரை காத்திராமல் முதல் வாரமே ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். ஊரில் ஃபிஷர் மெடிக்கல் சென்டர், டைன்லி ஹவுஸ் என்று இரண்டு மையங்கள். பதிவுக்குக் காசு கிடையாது. முகவரிச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கவும் கூடாது.

தொண்டை வலி, காது வலி, சிறுநீர்த் தொற்று போன்ற சில சின்ன நோய்களுக்கு 2024 முதல் மருந்துக் கடையிலேயே மருந்தாளர் பார்த்து மருந்து தரலாம். ஜி.பி. நேரம் கிடைக்காத நாளில் இது பெரிய உபகாரம். பல் மருத்துவர்தான் கஷ்டம். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் பல் மருத்துவர் புதியவர்களை எடுப்பது அபூர்வம், பல ஊர்களுக்கும் பெயர் கொடுத்துவையுங்கள். முடிந்தால் ஊரிலிருந்து புறப்படும் முன்பே பல் வேலையை முடித்துக்கொண்டு வாருங்கள்.

ஒன்றை முக்கியமாக மனதில் வையுங்கள். ஸ்கிப்டனில் ஒரு சின்ன மருத்துவமனை இருந்தாலும் அவசரப் பிரிவு அங்கே கிடையாது. அவசரம் என்றால் ஏழெட்டு மைல் தள்ளி ஸ்டீட்டனில் உள்ள ஏர்டேல் மருத்துவமனை. பகலில் ரயிலில் ஸ்டீட்டன் அண்ட் சில்ஸ்டன் ஸ்டேஷன் இரண்டாவது நிறுத்தம், அங்கிருந்து நடக்கலாம். இரவில் டாக்ஸிதான், ஆகவே உள்ளூர் டாக்ஸி எண் ஒன்றைப் போனில் போட்டுவையுங்கள். உயிர் ஆபத்து என்றால் 999, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் 111. மருத்துவமனைக்குள் கூரையை முட்டுக்கொடுத்துத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 1970இல் திறந்த கட்டடம், அன்றைய நுரைக் கான்கிரீட் பலகை இப்போது பலவீனமாகிவிட்டது. புதிய மருத்துவமனை கட்ட அரசு முடிவெடுத்திருக்கிறது.

பிள்ளைகள் படிப்பு

பல தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரை விரும்புவதற்கு நேர்மையான காரணம் கிராமர் ஸ்கூல்கள்தான். ஆண்பிள்ளைகளுக்கு எர்மிஸ்டட்ஸ், 15ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிற பள்ளி. பெண்பிள்ளைகளுக்கு 1886இல் தொடங்கிய ஸ்கிப்டன் கேர்ள்ஸ் ஹை ஸ்கூல். இரண்டும் அரசுப் பள்ளிகள், கட்டணம் இல்லை, நுழைவுத்தேர்வு உண்டு. ஆறாம் வகுப்பு தொடங்கும் செப்டம்பரிலேயே தேர்வு வந்துவிடும். பதிவு அதற்கு முன்பே, கோடையில். தேதியைப் பள்ளி இணையதளத்தில் பார்த்து நாள்காட்டியில் எழுதுங்கள், அது தவறினால் அந்த ஆண்டு போனது போனதுதான். எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை என்பதால் வீடு பார்க்கும்போதே எல்லை வரைபடத்தையும் பாருங்கள்.

தேர்வில் தேறாவிட்டால் குடி முழுகிப் போவதில்லை. கார்கிரேவ் ரோட்டில் தேர்வில்லாத ஸ்கிப்டன் அகாடமி இருக்கிறது. பக்கத்திலேயே தொழிற்படிப்புகளுக்குக் கிரேவன் கல்லூரி. பத்து வயதுப் பிள்ளையை இரண்டு வருடம் டியூஷனில் போட்டு வாட்டுகிற பெற்றோர்களைப் பார்த்தால் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அது அவரவர் வீட்டு விஷயம்.

உயர்நிலைப் பள்ளிக்குக் கவுன்சில் மூலம் விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 31, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15. ஆண்டின் நடுவில் வருகிறவர்கள் கவுன்சிலின் சேர்க்கைப் பிரிவில் தனியாகக் கேட்க வேண்டும்.

ரயில், பஸ், கார்

ரயில் 1847இல் வந்தது. ஊரின் மதிப்பைக் காப்பாற்றி வைத்திருப்பதும் அதுதான். லீட்ஸுக்கும் பிராட்ஃபோர்டுக்கும் நாள் முழுக்க மின்ரயில்கள், இரண்டுமே முக்கால் மணி நேரத்துக்குள். ரயில்கள் இங்கிருந்தே புறப்படுவதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும், இது சின்ன விஷயம் இல்லை. லண்டனுக்கு நேரடி ரயில் உண்டு, விரல்விட்டு எண்ணலாம். லீட்ஸில் மாறிப் போவதே வழக்கம். மேற்கே கோல்ன் ஊருக்குப் போன பாதையை 1970இல் மூடிவிட்டதால் லங்காஷயர் பக்கம் போக பஸ் அல்லது கார். மேற்கு யார்க்‌ஷயரின் பயண அட்டைகளை வாங்கும்போது ஸ்கிப்டன் அந்த மாவட்டத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, செல்லுமா என்று கேட்டு வாங்குங்கள்.

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தோடு 12 மாதம் ஓட்டலாம், பிறகு இங்கே தேர்வெழுதி வாங்க வேண்டும். தேர்வுத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆவதால் வந்த உடனே தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். சந்தை நாளில் ஹை ஸ்ட்ரீட்டில் கார் நிறுத்த இடம் தேடுவது வீண். டவுன் ஹாலுக்குப் பின்னால் உள்ள நிறுத்தத்துக்கு நேரே போய்விடுங்கள்.

நம் சமையல், கோயில்

கறிவேப்பிலைக்கும் துவரம்பருப்புக்கும் ஸ்கிப்டனை நம்ப முடியாது. ரயிலில் கால் மணி நேரத்தில் கீத்லி. அங்கே பாகிஸ்தானிய வம்சாவளிக் கடைகளில் அரிசி மூட்டை, பச்சைமிளகாய், கொத்தமல்லிக் கட்டு, ஹலால் ஆட்டுக்கறி எல்லாம் மலிவு. இன்னும் விரிவாக வேண்டுமென்றால் பிராட்ஃபோர்டு. கறிவேப்பிலை கிடைக்கும் நாளில் நிறைய வாங்கி உறைபெட்டியில் போட்டுவையுங்கள். பிராட்ஃபோர்டிலேயே லீட்ஸ் ரோட்டில் பெரிய லட்சுமி நாராயணர் கோயில் இருக்கிறது. வழிபாடு வடநாட்டு முறை, சாம்பார் வாசனை இருக்காது, ஆனால் தீபாவளிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பதற்கு அது மேல்.

ஓய்வு நாளில்

டவுன் ஹாலில் உள்ள கிரேவன் அருங்காட்சியகம் இலவசம். 1623இல் அச்சான ஷேக்ஸ்பியரின் முதல் தொகுதியில் ஒரு பிரதியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் அதைச் சாதாரணமாக நுழைந்து பார்க்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. ஹை ஸ்ட்ரீட் நூலகம் அமெரிக்க எஃகு முதலாளி கார்னகி கொடுத்த பணத்தில் எழுந்தது. உறுப்பினராகக் காசு வேண்டாம். கணினி, குழந்தைகளுக்கான கதை நேரம் எல்லாம் உண்டு. ஏர்வில் பார்க்கில் விளையாட்டுத் திடலும் நீச்சல் குளமும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு போட்டுவிடுவது குளிர்காலத்தைத் தள்ள நல்ல உபாயம்.

கால்வாய்க் கரை சமதரை. தெற்கே பிங்லியிலிருந்து வடக்கே கார்கிரேவ் வரை படகை ஏற்றி இறக்கும் லாக் ஒன்றுகூட இல்லை, அவ்வளவு மட்டம். தள்ளுவண்டிக் குழந்தையோடு நடக்க ஏற்றது. கார்கிரேவ் வரை நடந்து ரயிலில் திரும்பலாம்.

பெரிய பயணம் என்றால் வடக்கே கார்லைல் ஊருக்குப் போகும் ரயில். ஸ்கிப்டனில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தைக் கடந்துவிடும். வடக்கே போகும்போது இடப்பக்க ஜன்னல் ஓரம் பிடியுங்கள். மலை கிராமங்களுக்குப் பஸ் உண்டு, கிராசிங்டனுக்கு 72ஆம் எண். தண்ணீர் புகாத காலணியும் மழைச் சட்டையும் இல்லாமல் ஏறாதீர்கள், கோடையிலும்கூட. கடைசிப் பஸ் மாலையிலேயே போய்விடும், ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு. இறங்கும்போதே ஓட்டுநரிடம் திரும்புகிற வண்டியின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்; மலைக்குள் போனில் சிக்னல் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.